மாற்குவிடம் ஒரே ஒரு வார்த்தை

"உங்க ஆபீஸ்ல ஒரு கிறிஸ்தவப் பொம்மனாட்டி, ஆம்படையான் போன ஆத்திரத்துல பைபிளைக் கத்தரிக்கோலால துண்டு துண்டா வெட்டிப் போட்டுட்டாளாமே, நெஜமாடி?" என்று கேட்டாள் அலமு மாமி.

மாமி இதைக் கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த தன் நாத்தனாரிடமிருந்து கேட்டிருந்தாள். நாத்தனாருக்கு யார் சொன்னார்கள் என்று மாமிக்குத் தெரியாது. 1979 ஜனவரி, கல்கத்தா பவானிபூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"வெட்டினது நெஜம்தான் மாமி. ஆனா ஒண்ணு இல்லை, ரெண்டு."

மாமி தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

இரண்டை வெட்டியதற்குக் காரணம் உண்டு. தாளின் இரண்டு பக்கமும் அச்சு இருக்கிறது. ஒரு பக்கத்தை வெட்டி ஒட்டினால் மறுபக்கம் பசைக்குள் போய்விடும். அதனால் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளிலும் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் அலமாரியிலும் தேடி, ஒரே அச்சில் இரண்டு புதிய ஏற்பாடுகளைச் சௌந்தரம் அக்கா வாங்கி வைத்திருந்தார். ஆத்திரத்தில் வெட்டுகிறவர் இப்படித் திட்டம் போட மாட்டார் என்று மாமிக்குப் புரியவைக்க முயன்றேன். மாமி கேட்கவில்லை. "எதுவானாலும் சாமி புஸ்தகம்டி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நான் நாடு விட்டு வந்து வெகு காலமாகிறது. சரிபார்த்துக்கொள்ள இங்கே யாரும் இல்லை. தேதி ஒன்றிரண்டு பிசகியிருக்கலாம் என்ற பயம் இதை எழுதும்போதும் இருக்கிறது. ஆனால் அக்காவின் பேச்சில் நானாக எதையும் சேர்க்கவில்லை. சேர்க்கக் கூடாது என்பதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் அவர் என் பக்கத்து மேஜை. எங்கள் பிரிவுக்கு விபத்து விசாரணைக் கோப்புகள் வரும். எங்கேயோ ஒரு சரக்கு வண்டி தடம் புரண்டிருக்கும். டிரைவர், கார்டு, ஸ்டேஷன் மாஸ்டர், கேட்மேன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்து வாக்குமூலம் வாங்கியிருப்பார்கள். அகலத் தாளில் ஆளுக்கொரு கட்டம் போட்டு, யார் எதைப் பற்றி என்ன சொன்னார்கள் என்று பக்கத்துப் பக்கத்தில் வைப்பது எங்கள் வேலை. நான் சேர்ந்த முதல் வாரம், கேட்மேன் கட்டத்தில் ஓர் இடம் காலியாக இருக்கிறதே என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்ன நேரத்தை எடுத்து அங்கேயும் எழுதிவிட்டேன்.

"ஏ பிள்ளை, கேட்மேன் நேரம் சொன்னானா?"

"சொல்லலை அக்கா. எப்படியும் அதே நேரம்தானே?"

"சொல்லலைன்னா 'சொல்லவில்லை'ன்னு எழுது. அடுத்தவன் பேச்சை எடுத்து அவன் வாயில வைக்காதே." தாளைக் கிழித்துப் புதுத் தாளைக் கையில் கொடுத்தார்.

அவருக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். திருநெல்வேலிப் பக்கம். கல்கத்தாவுக்குக் கல்யாணமாகி வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. குழந்தைகள் இல்லை. கணவர் பொன்னையா பாசஞ்சர் வண்டியில் கார்டாக இருந்தவர். சாந்த்ராகாச்சி யார்டில் அவர் விசிலை விடக் குரல்தான் தூரம் போகும் என்று வங்காளிச் சகாக்கள் கேலி செய்வார்களாம். தமிழ்ச் சபையில் ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பதும் அந்தக் குரல்தான்.

1978 பிப்ரவரியில் ரயில்வே ஆஸ்பத்திரியில் அவர் இறந்தார். வயிற்றில் புற்று. கடைசி இரண்டு நாள் ஊசி மருந்துக்கும் வலி அடங்கவில்லை. சபையிலிருந்து ஏழெட்டுப் பேர் வந்து கட்டிலைச் சுற்றி நின்று பாடியிருக்கிறார்கள். அவர் பாட்டை நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினார். பிறகு வார்டு முழுக்கக் கேட்கும்படி, "எங்கே போயிட்டீரு? என்னைத் தனியா விட்டுட்டீரே, எங்கேய்யா போயிட்டீரு?" என்று கத்தினார். மனிதரைப் பார்த்துக் கத்தவில்லை என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. விடியுமுன் உயிர் போயிற்று. அந்தக் கேள்விக்குப் பின் அவர் வேறு எதுவும் பேசியிருக்கவில்லை.

அடக்கத்தின்போது சபைச் செயலாளர் சத்தியநேசன், "நம் சகோதரர் பரிபூரண சமாதானத்தோடே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று பேசினார். அதே வாரம் சபைப் பெண்கள் தங்களுக்குள், "பொன்னையா கடைசியில விசுவாசத்தை விட்டுட்டாராம்" என்று பேசிக்கொண்டார்கள். இரண்டும் அக்காவின் காதுக்கு வந்தன.

"பொறணி பேசினவங்க மேல கூட எனக்குக் கோவம் இல்லை ஷியாமளா," என்று ஒரு நாள் சொன்னார். "அவங்களாவது கேட்டதைச் சொன்னாங்க. சத்தியநேசன் அண்ணாச்சி என் முன்னாலேயே நின்னு, அவரு சொல்லாததை அவரு வாயில வச்சாரு பாரு."

முதல் வருஷ நினைவை ஒட்டிக் கல்லறையில் கல் வைப்பது அவர்கள் வழக்கம். கல்லில் பேர், தேதி, அதன் கீழே ஒரு வசனம். கமிட்டி அதைப் பார்த்து முத்திரை குத்திக் கொடுத்தால்தான் கல் கல்லறைத் தோட்டத்துக்குள் போகும். ஈஸ்டர் அன்று விடியற்காலையில் சபை முழுவதும் கல்லறைத் தோட்டத்தில் கூடி ஆராதனை நடத்துவார்கள். எல்லார் கண்ணும் எல்லாக் கல்லின் மேலும் படும் நாள் அது ஒன்றுதான். அந்த ஈஸ்டருக்குள் தன் கணவர் கேட்ட கேள்வி அவர் தலைமாட்டில் நிற்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார். சிலுவையில் இயேசு, தேவன் ஏன் தன்னைக் கைவிட்டார் என்று கேட்கும் வசனம். மாற்கு பதினைந்து, முப்பத்துநாலு.

சத்தியநேசன் துறைமுக அலுவலகத்தில் சூப்பிரண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். விண்ணப்பத்தைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாராம்.

"என்ன தங்கச்சி, இதைப் போயி கல்லுல வெட்டணுங்கிறியே. லூக்கா இருக்கு. ஆவியைப் பிதா கையில ஒப்புக்கொடுக்கிற வசனம். எத்தனை அழகு. அதைப் போடேன்."

"அவரு அப்படிச் சொல்லலையே அண்ணாச்சி."

"யாரு, பொன்னையாவா? இயேசு சொல்லியிருக்காருல்லா?"

"இதையும் இயேசுதானே சொன்னாரு. வேதத்துல இருக்கே."

"வேதத்துல சாத்தான் பேசினதும்தான் இருக்கு. அதைக் கல்லுல வெட்டுவியா? அந்தக் கூப்பாடு ஒரு நிமிஷம். அதுக்கப்புறம் எல்லாம் முடிஞ்சுதுன்னு சொல்லி, சமாதானமா ஆவியை விட்டாரு. ஏழு வார்த்தையும் சேர்ந்ததுதான் சிலுவை. நடுவுல ஒண்ணைப் பிடுங்கிக்கிட்டு வந்து நிக்காதே."

பதில் சொல்லத் தெரியாமல் அக்கா திரும்பி வந்தார். அதுதான் அவரை உறுத்தியது. பெரிய வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணி நேரம், சிலுவையில் சொல்லப்பட்ட ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பேர் எழுந்து பிரசங்கம் செய்வதைப் பாவாடைச் சட்டைக் காலத்திலிருந்து கேட்டு வருகிறவர் அவர். 'வார்த்தை' என்று சபையார் சொல்வது ஒரு முழுப் பேச்சை. மன்னிக்கும் வார்த்தை முதலில், கைவிடப்பட்ட வார்த்தை நாலாவது, ஆவியை ஒப்புக்கொடுப்பது ஏழாவது. வரிசை மனப்பாடம்.

மறுநாள் மதிய இடைவேளையில் ஓர் அகலத் தாளை எடுத்து நாலு கட்டம் போட்டார். மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான். நாலு பேரும் இயேசு என்ற ஒரே மனிதரின் கடைசி நாளைச் சொல்கிறார்கள், நாலு வாக்குமூலம். மாற்குவின் கட்டத்தில் ஏழு வார்த்தைகளையும் மனப்பாடமாக எழுதிவிட்டு, சரிபார்க்கப் புத்தகத்தைத் திறந்தார்.

மாற்குவிடம் ஒன்றுதான் இருந்தது.

பக்கத்தைப் புரட்டினார், திரும்பவும் புரட்டினார். மன்னிப்பு இல்லை. பக்கத்தில் தொங்கிய கள்ளனுக்கு வாக்குக் கொடுப்பது இல்லை. இரண்டு கள்ளரும் அவரை ஏசுகிறார்கள், அவ்வளவுதான். தாயைச் சீடனிடம் ஒப்படைப்பது இல்லை. தாகம் என்று அவர் சொல்வது இல்லை. முடிந்தது என்பது இல்லை. கைவிட்டதைக் கேட்கும் கூப்பாடு, பிறகு வார்த்தை இல்லாத ஒரு பெரிய சத்தம், சாவு.

"அக்கா, என்ன ஆச்சு?" என்று கேட்டேன். முகம் அப்படி இருந்தது.

"கேட்மேன் கட்டத்துல ஸ்டேஷன் மாஸ்டர் நேரத்தை எழுதி வச்சிருக்கேன்டி. நாப்பது வருஷமா."

அன்றைக்குத்தான் மனப்பாடத்தை நம்புவதில்லை என்று தீர்மானித்தார். கையால் எழுதினால் பழக்கம் புகுந்துவிடும். அச்சையே வெட்டி ஒட்டினால் புகாது. மறுவாரம் இரண்டு புத்தகங்களும் கத்தரிக்கோலும் பசைப் புட்டியும் வந்தன. மதியச் சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் முடித்துவிட்டு வேலையில் உட்கார்ந்துவிடுவார். எங்கள் பிரிவில் பார்த்தசாரதி என்று ஒருவர், வாய் சும்மா இருக்காது.

"என்னம்மா, நாலு சாட்சிக்கும் சம்மன் அனுப்பியாச்சா? குறுக்கு விசாரணை எப்போ?"

"சாட்சிங்க எல்லாம் வந்தாச்சு சார். வக்கீல்தான் தொந்தரவு பண்ணுதாரு."

"நாலு பேரும் வேற வேற மாதிரி சொல்றான்னா கேஸ் நிக்காதே!"

"நாலு பேரும் எழுத்துக்கு எழுத்து ஒண்ணா சொன்னாத்தான் சார் நீங்களே சந்தேகப்படுவீங்க. போன மாசம் கோப்புல, இவங்க கூடி உட்கார்ந்து பேசி வச்சிருக்காங்கன்னு குறிப்பு எழுதினது யாரு?"

பார்த்தசாரதி சிரித்துக்கொண்டே போய்விட்டார். பிற்பாடு அவரே ஸ்டோர்ஸிலிருந்து அகலத் தாள் ஒரு கட்டு கொண்டுவந்து சத்தம் காட்டாமல் அக்காவின் மேஜையில் வைத்ததைப் பார்த்தேன்.

ஜனவரி முடிவதற்குள் தாள்கள் பதினாறு ஆயின. எனக்கு அந்தக் கதை அதுவரை காலண்டர்ப் படமாகத்தான் தெரியும். கட்டங்களைக் குறுக்கே படித்தபோது, நாலு பேரும் ஒருவரைப் பற்றித்தான் சொல்கிறார்களா என்று திகைத்தேன். பிடிபட்ட ராத்திரி, ஜெபிக்கப் போன தோட்டத்தில், மாற்குவின் இயேசு கலங்கித் தரையில் விழுகிறார். லூக்காவில் முழங்கால் படியிட்டு ஜெபிக்கிறார், தேவதூதன் வந்து தைரியம் கொடுக்கிறான். யோவானில் அந்தக் கலக்கமே இல்லை. பிடிக்க வந்த சேவகர்கள்தான் பின்வாங்கித் தரையில் விழுகிறார்கள். சிலுவையை மூன்று பேர் கணக்கில் சீமோன் என்ற வழிப்போக்கன் சுமக்கிறான். யோவானின் கட்டத்தில் அவரே சுமந்து போகிறார். சீமோனைப் பற்றி அங்கே ஒட்ட எதுவும் இல்லாததால் அக்கா சிவப்பு மையில் 'சொல்லவில்லை' என்று எழுதியிருந்தார்.

"இதுல எது சரி அக்கா?"

"அதை விசாரணை அதிகாரி சொல்லணும், நான் கிளார்க்கு." பிறகு லூக்காவின் கட்டத்தை விரலால் தடவினார். "இதைத் தப்புங்கல பிள்ளை. எங்கம்மா இப்படித்தான் போனாங்க. கையைக் கூப்பிக்கிட்டே. அவங்க கல்லுக்கு லூக்காதான். யோவானு, நம்ம வீட்டுல அவருக்குப் பிடிச்சது. ராஜா மாதிரி நடக்காரு, கடைசி வரைக்கும். எனக்கும் ஆசைதான். ஆனா கட்டில்ல ராஜா மாதிரி யாரும் படுத்திருக்கலையே."

நான் பள்ளியில் தமிழும் வங்காளமும் படித்தவள். தமிழில் மட்டும் ஏதோ விட்டுப்போயிருக்குமோ என்ற சந்தேகம் தீர, ஒரு வங்காள பைபிளைக் கொண்டுவந்து மாற்குவின் அந்தப் பகுதியை என்னைச் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். அங்கேயும் ஒன்றுதான். அடுத்த சில வரிகளில் வந்த ஓர் ஆளை நான் சாதாரணமாகப் படித்துக்கொண்டு போனேன். அக்கா கையை நீட்டி நிறுத்தினார்.

"திரும்பப் படி. அந்தப் பட்டாளத்து அதிகாரி."

எதிரே நின்ற ரோமாபுரி அதிகாரி, அவர் அப்படிக் கத்திச் சாவதைப் பார்த்து, இவர் மெய்யாகவே தேவனுடைய குமாரன் என்கிறான். தமிழ்த் தாளை எடுத்து ஒப்பிட்டார். மத்தேயுவில் அந்த அதிகாரி பூமி அதிர்ந்ததைக் கண்டு பயந்து அதைச் சொல்கிறான். லூக்காவில் இவர் நீதிமான் என்கிறான். யோவானில் அவன் பேச்சே இல்லை. மாற்குவில் பூமி அதிரவில்லை. அவன் கண்டது சாவை மட்டும்தான்.

அன்று மதியம் அக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

மார்ச் கடைசி வியாழக்கிழமை கமிட்டி கூடியது. தாள் கட்டைத் தூக்க ஆள் வேண்டும் என்று என்னையும் அழைத்துப் போனார். நீளமேஜையில் ஐந்து ஆண்கள், நடுவில் போதகர், வயதில் எல்லாரையும் விட இளையவர். அக்கா பதினாறு தாள்களையும் மேஜை மேல் விரித்தார். தேநீர்க் கோப்பைகளை அவர்களே நகர்த்த வேண்டியதாயிற்று.

"தங்கச்சி, வேதத்தை வெட்டியிருக்கே," என்றார் சத்தியநேசன்.

"ஒரு எழுத்துகூடத் தூரப் போடலை அண்ணாச்சி. எண்ணிப் பார்த்துக்கலாம். நீங்க ஏழு வார்த்தைன்னு சொன்னீங்க. எந்தக் கட்டத்துல ஏழு இருக்கு, காட்டுங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். நேர்மையான மனிதர், உண்மையிலேயே தேடினார். மத்தேயுவில் ஒன்று. மாற்குவில் அதே ஒன்று. லூக்காவில் வேறு மூன்று. யோவானில் இன்னும் வேறு மூன்று. நிமிர வெகுநேரம் ஆயிற்று.

"நாலையும் சேர்த்தா ஏழு வருதுல்லா?"

"சேர்க்கிறது நாம அண்ணாச்சி. பெரிய வெள்ளிக்கிழமைக்குச் சேர்த்துக்கிடுங்க, வேண்டாங்கல. ஆனா மாற்கு எழுதின சாவுல அதுக்கப்புறம் சமாதானம் வரலை. அப்படியே செத்தாரு. அப்படிச் செத்ததைப் பார்த்துத்தான் ஒருத்தன் இவரு தேவனுடைய குமாரன்னு சொல்லுதான். அந்தப் புஸ்தகத்துல அப்படிச் சொன்ன மனுஷன் அவன் ஒருத்தன்தான். பாட்டைக் கேட்டுச் சொல்லலை. இந்தக் கூப்பாட்டைக் கேட்டுச் சொன்னான்." தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுத் தொடர்ந்தார். "எங்க வீட்டுக்காரரு கத்தினதை நம்ம சபையில எட்டுப் பேரு கேட்டாங்க. ஒருத்தருக்கும் அப்படிச் சொல்லத் தோணலை. விசுவாசம் இல்லாதவன் யாரைப் பார்த்து எங்கே போயிட்டீருன்னு கேப்பான்?"

கமிட்டியில் ஒருவர் மெதுவாக, "வசனம் வேண்டாம், எண் மட்டும் போடட்டுமே. பதினஞ்சு, முப்பத்துநாலுன்னு. தேடிப் பார்க்கிறவங்க பார்க்கட்டும்" என்றார்.

"யாரும் தேட மாட்டாங்க. அதனாலதானே சொல்லுதீங்க?"

போதகர் மாற்குவின் கட்டத்தைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டிருந்தார். "நாலாம் வார்த்தை வருஷா வருஷம் என் தலையிலதான் விழும்," என்றார். "நானும் ஒவ்வொரு வருஷமும் அதைத் தாண்டிப் போயிதான் பேசியிருக்கேன். ரெண்டு நாள் கொடுங்கம்மா. முத்திரை என்கிட்டத்தான் இருக்கு. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு ஃபோன் பண்ணிச் சொல்லுதேன்."

"சனிக்கிழமை நான் மல்லிக் பஜார்ல கல் கடையில இருப்பேன் ஐயா. பக்கத்து மருந்துக்கடை நம்பர் தாரேன். ஆனா ஒண்ணு. அன்னைக்கு எழுத்து ஏத்தலைன்னா ஈஸ்டருக்குள்ள கல்லு முடியாது. அதனால நீங்க வேண்டாம்னாலும் ஏத்திருவேன். தோட்டத்துக்குள்ள விடலைன்னா என் வீட்டு வாசல்ல நிக்கும். வாரவங்க படிச்சுட்டு வரட்டும்."

சத்தியநேசன் தாள்களை ஒவ்வொன்றாக அடுக்கி, ஓரம் மடங்காமல் அக்காவின் கையில் கொடுத்தார். "பிடிவாதக்காரி," என்றார். "பொன்னையாவும் இப்படித்தான்."

சனிக்கிழமை நாங்கள் போனபோது முகமது இஸ்மாயில் கல்லைக் கழுவித் துடைத்து, வாசலில் இரண்டு கட்டைகள் மேல் படுக்க வைத்திருந்தார். கல்லறைக் கல்லில் எழுத்து வெட்டுவது அவருடைய பரம்பரைத் தொழில். ஆங்கிலம், வங்காளம், உருது மூன்றும் கை தானாகப் போடும். தமிழ் வாசிக்கத் தெரியாது. எழுதிய தாளைக் கல் மேல் வைத்து, அடியில் சிவப்பு மைத்தாள் கொடுத்து, ஒவ்வொரு வளைவையும் பென்சிலால் அழுத்தி இறக்குவார். அதன்மேல்தான் உளி.

"என்ன எழுதியிருக்கு தீதீ?" என்று அக்காவைக் கல்கத்தா ஹிந்தியில் கேட்டார். அக்கா தன்னுடைய ஹிந்தியில் சொன்னார்.

இஸ்மாயில் கல்லின் ஓரத்தை இன்னொரு தடவை துடைத்தார். "எங்க ஆளுங்க கல்லுல இப்படி எழுத மாட்டோம். ஆனா எல்லாரும் கேட்டதுதான்." பென்சிலைச் சீவினார். "நல்லா யோசிச்சாச்சா? கல்லுல வெட்டினதை அழிக்க முடியாது."

"யோசிச்சாச்சு பாய்."

சாலையில் லாரி போகும்போதெல்லாம் காற்று வந்து தாளைத் தூக்கியது. கனம் வைத்தால் மைத்தாள் அழுந்திக் கல் கறைபடும் என்று இஸ்மாயில் ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் ஒரு பக்கத்தை அக்கா இரண்டு உள்ளங்கையாலும், மறுபக்கத்தை நானும் அழுத்திப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றோம். பேர் இறங்கியது. பிறந்த தேதி, இறந்த தேதி. பிறகு வசனம், ஒவ்வொரு எழுத்தாக. இடுப்பு விட்டுப்போயிற்று. அக்கா அசையவில்லை.

கடைசி வார்த்தை பாதியில் இருக்கும்போது பக்கத்து மருந்துக்கடையில் டெலிபோன் அடித்தது.

கடைக்கார ஹோமியோபதி டாக்டர் கை நிறையச் சின்னச் சின்னப் புட்டிகளோடு உள்ளேயிருந்து கத்தினார். "தீதீ, பன்னெண்டு மணி ஃபோன்! உங்களுதுதான் இருக்கும், வந்து எடுங்க, என் கையில மருந்து!"

இஸ்மாயில் பென்சிலைத் தூக்கிவிட்டு அக்காவைப் பார்த்தார்.

"நான் ஓடிப் போயி எடுக்கட்டுமா அக்கா?"

"நீ கையை எடுத்தா அந்தப் பக்கம் நகர்ந்திரும் பிள்ளை."

"வெச்சுடப் போறாங்க அக்கா. என்ன சொல்லப் போறாங்கன்னு தெரிய வேண்டாமா?"

"தெரியணும். எனக்குந்தான் நெஞ்சு அடிக்கி." புறங்கை நரம்பு புடைக்கத் தாளை இன்னும் கொஞ்சம் அழுத்தினார். "எழுதுங்க பாய். இன்னும் நாலு எழுத்துதான்."

இஸ்மாயில் குனிந்து பென்சிலை வைத்தார். உள்ளே மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.